செல்ஃப் எடுக்காத டிராக்டர்: சின்னப் பெட்டி கைகொடுக்குமா?

கேள்வி: ‘‘எங்களிடம் 45 ஹெச்.பி டிராக்டர் ஒன்று இருக்கிறது. தாளடி அறுப்பு முடிந்ததும் கொட்டகையில் நிறுத்தியதை, குறுவைக்குச் சேற்றுழவு ஓட்ட எடுத்தபோது செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வயல்காரர் கீழே நின்றுகொண்டு ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்தார். உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. ‘பவர் பேங்க் மாதிரி ஒரு பெட்டி விற்கிறது, அதை வண்டியில் வைத்துக்கொண்டால் பேட்டரி டவுன் ஆனாலும் கவலை இல்லை’ என்கிறான் மகன். அவ்வளவு சின்னப் பெட்டி டிராக்டரை ஸ்டார்ட் செய்யுமா? வாங்கலாமா?’’

- ஒரு வாசகர், பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: ஸ்டார்ட் செய்யும். டீசல் இன்ஜினுக்கு ஏற்ற அளவில், தரமானதாக இருந்தால் 45 ஹெச்.பி டிராக்டரை அந்தப் பெட்டி எடுத்துவிடும். கடைகளில் ‘ஜம்ப் ஸ்டார்ட்டர்’ என்று கேட்டால் கிடைக்கும். ஆனால், இந்த வாசகரின் டிராக்டருக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை அவருடைய கடிதத்திலேயே இருக்கிறது.

ஸ்குரூ டிரைவரை வைத்ததும் இன்ஜின் எடுத்திருக்கிறது. அப்படியென்றால், பேட்டரியில் சக்தி இருந்திருக்கிறது. ஸ்குரூ டிரைவர் மின்சாரத்தைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. பேட்டரியில் இருப்பதைத்தான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் குறுக்கு வழியில் திருப்பிவிடுகிறது. ஆகவே, கோளாறு பெரும்பாலும் சாவி சுவிட்ச், அதிலிருந்து வரும் ஒயர், சோலனாய்டு, கிளட்ச் சுவிட்ச் ஆகிய நான்கில் ஒன்றில் இருக்கும். சுவிட்ச் வழியாகச் சோலனாய்டை இழுக்க முடியாத அளவுக்குப் பேட்டரி லேசாகத் தளர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. காரணம் தெரியாமல் பெட்டியை வாங்கி வைத்தால், அடுத்த பட்டத்திலும் டிராக்டர் அதே கொட்டகையில்தான் நிற்கும்.

ஸ்குரூ டிரைவர் ஸ்டார்ட்: உயிருக்கே ஆபத்து

பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். கிளட்சை மிதித்தால்தான், அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும்படி பல டிராக்டர்களில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கீழே நின்று ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யும்போது அந்தப் பாதுகாப்பு முழுக்க விலகிவிடுகிறது.

நிறுத்தும்போது வண்டி நகராமல் இருக்கட்டும் என்று கியரில் போட்டு நிறுத்துவது நம் ஊர்ப் பழக்கம். கியரில் இருப்பதை மறந்து ஷார்ட் செய்தால், இன்ஜின் எடுத்த அடுத்த நொடியே டிராக்டர் நகரும். ஷார்ட் செய்கிறவர் நிற்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே. ஒதுங்க இடம் இருக்காது, நேரமும் இருக்காது. சீட்டில் ஆள் இல்லாததால் பிரேக் பிடிக்கவும் யாரும் இல்லை. உலகம் முழுக்க டிராக்டர் விபத்துகளில் இந்த வகை விபத்தும் உயிர் வாங்கும் ஒன்று. 20 வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன் என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல. அத்தனை வருடமும் கியர் நியூட்ரலில் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதும் இதே ரகம்தான். இன்ஜின் திடீரென்று எடுக்கும்போது வண்டி முன்னால் பாயும். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல் என்று இருக்கும் டெல்டாவின் கரைச் சாலைகளில் இது கவிழ்வதற்கு வழி.

ஜம்ப் ஸ்டார்ட்டரின் பெரிய நன்மையே இங்கேதான் இருக்கிறது. கிளிப்பை மாட்டிவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை மிதித்து, சாவியைத் திருப்பி முறையாக ஸ்டார்ட் செய்யலாம்.

முதலில் 10 நிமிடச் சோதனை

மெக்கானிக்குக்குப் போன் செய்வதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இவை:

1. பேட்டரி டெர்மினல்கள் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப் போயிருக்கிறதா, கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் இது சீக்கிரம் வரும். கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து உலர்த்தி, முதலில் பிளஸ், பிறகு மைனஸ் என்று மாட்டி, மேலே வேசலின் தடவ வேண்டும். சோடா நீர் பேட்டரி மூடித் துளைக்குள் போகக் கூடாது. ‘பேட்டரி போச்சு’ என்று முடிவு கட்டப்பட்ட பல வண்டிகள் இந்த ஒரு வேலையிலேயே எடுத்துவிடும்.

2. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் அப்படியே மங்கிப்போனால், பேட்டரியோ டெர்மினலோ பலவீனம். வெளிச்சம் குறையாமல், சத்தமும் வராமல் இருந்தால், அல்லது ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால், சுவிட்ச், ஒயர், சோலனாய்டு பக்கம் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியில் எலி ஒயரைக் கடித்திருப்பதும் உண்டு.

3. கியர் லிவர், ஹை-லோ லிவர், பி.டி.ஓ லிவர் மூன்றும் நியூட்ரலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குழந்தைகள் ஏறி விளையாடும்போது லிவர் நகர்ந்திருக்கலாம்.

4. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்றபின், 12 வோல்ட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12 என்றால் கால் பங்குதான் மிச்சம். சாவியைத் திருப்பி இன்ஜின் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அப்படி ஏறவில்லை என்றால் டைனமோவிலோ, அதன் பெல்ட்டிலோ, ரெகுலேட்டரிலோ கோளாறு. டைனமோ சார்ஜ் கொடுக்காத வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும்.

இரவு முழுக்க சார்ஜ் போட்டும் பேட்டரி 10.5 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் 6 செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். அந்தப் பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட்டரும் காப்பாற்றாது. மாற்றியாக வேண்டும்.

சின்னப் பெட்டிக்கு எப்படி இவ்வளவு பலம்?

டிராக்டர் பேட்டரி 20 கிலோவுக்கு மேல் கனக்கிறது. ஒரு கிலோ பெட்டி அந்த வேலையைச் செய்யுமா என்ற சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது 250 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், அது 5 விநாடிதான் சுற்றுகிறது. இதில் செலவாவது சுமார் 0.35 ஆம்பியர்-மணி. 88 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. ஸ்டார்ட் செய்யத் தேவைப்படுவது அதிகமான மின்சாரம் அல்ல, வேகமான மின்சாரம். ஒரு குடம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் மடையில் வைத்த மண் கரையாது. அதே குடத்தை ஒரே வீச்சில் கொட்டினால் மண் அடித்துக்கொண்டு போகும். ஜம்ப் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் லித்தியம் செல்கள் அப்படி ஒரே வீச்சில் கொட்டக்கூடியவை.

அதே சமயம், குடம் குடம்தான், ஏரி அல்ல. பெட்டியில் 20,000 எம்.ஏ.ஹெச் என்று அச்சடித்திருப்பார்கள். அது 3.7 வோல்ட் கணக்கு. 12 வோல்ட்டுக்கு மாற்றினால் சுமார் 6 ஆம்பியர்-மணிதான் வரும். எனவே, அதை வைத்து டிராக்டர் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற முடியாது. சில முறை இன்ஜினைச் சுற்றிக் கொடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் ‘பீக் ஆம்பியர்’ எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. அது ஒரு கணம் மட்டும் வந்துபோகும் உச்ச அளவு. ‘எத்தனை லிட்டர் டீசல் இன்ஜின் வரை எடுக்கும்’ என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினைவிட டீசல் இன்ஜினில் காற்றை இறுக்கும் அழுத்தம் அதிகம்; அதைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும். அதனால்தான் ஒரே பெட்டியில் பெட்ரோலுக்கு ஓர் அளவும், டீசலுக்கு அதைவிடக் குறைந்த அளவும் போட்டிருப்பார்கள். 45 ஹெச்.பி டிராக்டர்களின் இன்ஜின் பெரும்பாலும் இரண்டரை லிட்டரில் இருந்து மூன்று லிட்டர் சொச்சம் வரை இருக்கும். ஒரு படி கூடுதலான அளவில் வாங்குவது நல்லது.

கிளிப்பைத் தலைகீழாக மாட்டினால் மின்சாரத்தைத் தடுக்கும் பாதுகாப்பு கண்டிப்பாக இருக்க வேண்டும். கிளிப் ஒயர் விரல் தடிமனுக்காவது இருக்க வேண்டும். பில்லும் வாரன்டியும் தரும் கடையில் வாங்க வேண்டும். தரத்தைப் பொறுத்து விலை சில ஆயிரங்களில் தொடங்கி, 10,000 ரூபாயைத் தாண்டியும் போகிறது. ஒரு வீட்டுக்கு ஒன்று அவசியம் இல்லை. ஒரே தெருவில் 4, 5 டிராக்டர்கள் இருந்தால் சேர்ந்து ஒன்று வாங்கலாம். உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் வாங்கி வைக்கலாம். ஆனால், ‘அதற்கு சார்ஜ் போடுவது யார்’ என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும். பொதுப் பொருள் சார்ஜ் இல்லாமல் கிடந்தால், அவசரத்துக்கு அது வெறும் பெட்டிதான்.

மாட்டும் முறை

ஆசிட் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவிகிதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும். ஒரு சிறு பொறி பட்டால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். ஆகவே, வரிசையை மாற்றக் கூடாது.

1. சாவி, விளக்கு, பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது.

2. பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஆசிட் கசிந்தாலோ, அழுகிய முட்டை வாடை அடித்தாலோ முயற்சியே செய்யக் கூடாது.

3. சிவப்பு கிளிப்பை பிளஸ் டெர்மினலில் மாட்ட வேண்டும். கறுப்பு கிளிப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்ட வேண்டும். டீசல் பைப், ஃபேன், பெல்ட் பக்கத்தில் மாட்டக் கூடாது. பெட்டியின் கையேடு மைனஸ் டெர்மினலில் மாட்டச் சொன்னால், அதன்படி செய்யலாம்.

4. கிளிப்புகளை மாட்டியபின் பெட்டியை இணைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் சரி. சிவப்பு எரிந்தாலோ, ‘பீப்’ அடித்தாலோ மாற்றி மாட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

5. சீட்டில் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, சாவியைத் திருப்ப வேண்டும். 3 முதல் 5 விநாடிதான். எடுக்கவில்லை என்றால் அரை நிமிடமாவது விட்டுவிட்டு மறுபடி முயலலாம். மூன்று, நான்கு முறையிலும் எடுக்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். கோளாறு டீசலிலோ, ஃபில்டரிலோ, காற்று அடைப்பிலோ இருக்கலாம்.

6. இன்ஜின் எடுத்ததும் அரை நிமிடத்துக்குள் பெட்டியைப் பிரித்து, கறுப்பு, சிவப்பு என்ற வரிசையில் கிளிப்புகளைக் கழற்ற வேண்டும். வண்டியின் பேட்டரி ஒயரை மட்டும் இன்ஜின் ஓடும்போது கழற்றவே கூடாது. டைனமோவும் மின்னணுப் பாகங்களும் கெட்டுவிடும்.

பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பெட்டி அதை அடையாளம் காணாது; விளக்கு எரியாது. அதற்காகச் சில பெட்டிகளில் ‘பூஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தும்போது தலைகீழ் இணைப்புக்கான பாதுகாப்பு வேலை செய்யாது. பிளஸ், மைனஸை இரண்டு முறை சரிபார்த்த பிறகே அழுத்த வேண்டும்.

ஆசிட் கண்ணில் பட்டால், உடனே சுத்தமான தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் கண்ணைக் கெடுக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்துவிடாது

பாதி இறங்கிய 88 ஆம்பியர்-மணி பேட்டரி நிரம்ப 44 ஆம்பியர்-மணி வேண்டும். டிராக்டரின் டைனமோ நல்ல வேகத்தில் ஓடினாலும் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே, ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஓட்டிவிட்டு டீக்கடையில் அணைத்தால், டீக்கடை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அன்று தொடர்ந்து உழவு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், மாலையில் சார்ஜரில் போட வேண்டும். பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 88 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 8, 9 ஆம்பியரில், இரவு முழுக்க மெதுவாக ஏற்றுவதே பேட்டரிக்கு ஆரோக்கியம்.

டெல்டாவில் பேட்டரி ஏன் இறங்குகிறது?

டெல்டாவின் பட்டமே இதற்குப் பாதிக் காரணம். தாளடி அறுப்பு முடிந்ததும் பல டிராக்டர்களுக்கு மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை பெரிய வேலை இல்லை. நிற்கும் பேட்டரி தானாகவே கொஞ்சம் இறங்கும். கோடை வெப்பத்தில் இன்னும் வேகமாக இறங்கும். பாட்டுப் பெட்டி, ஜி.பி.எஸ் கருவி போன்றவை ஓசையில்லாமல் உறிஞ்சும். வெறும் 50 மில்லி ஆம்பியர் உறிஞ்சினாலும் ஒரு நாளைக்கு 1.2, ஒரு மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி போய்விடும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் ஈய சல்பேட் உறைந்து கெட்டிப்படும். அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

தடுப்பது சுலபம். நிறுத்தி வைக்கும் காலத்தில் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும், அல்லது ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறையாவது சார்ஜ் போட வேண்டும். மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடாது. குடிக்க நல்ல தண்ணீர் என்றாலும் அவற்றில் உள்ள உப்பு தகட்டைத் தின்றுவிடும்.

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. ஆனால், 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேதி எப்படி மாறினாலும், மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று, நான்கு நாள்கள் ஆகும். அணை திறந்த செய்தி வந்த அன்றே பேட்டரியைச் சோதித்துவிட்டால், சார்ஜ் போடவும், ஒயர் மாற்றவும் அந்த நாள்கள் போதும். வயலில் தண்ணீர் நின்ற பிறகு சோதித்தால், மெக்கானிக் கடையில் நமக்கு முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள்.

வண்டியே வீடாக இருப்பவர்களுக்கு

அறுவடைக் காலத்தில் வெளி மாவட்டங்களில் இருந்து அறுவடை மிஷின்களோடு வரும் டிரைவர்கள் வாரக்கணக்கில் வயலோரத்திலேயே தங்குகிறார்கள். இரவு விளக்கு, சின்ன ஃபேன், நான்கு பேரின் போன் சார்ஜ் எல்லாம் மிஷின் பேட்டரியில்தான். 18 வாட் எல்.இ.டி விளக்கு ஒன்று 10 மணி நேரம் எரிந்தால் 15 ஆம்பியர்-மணி போகும். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன் என்று சேர்ந்தால், ஏற்கெனவே தளர்ந்த பேட்டரி விடிகாலையில் கையை விரித்துவிடும்.

வெளிநாடுகளில் வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்கள் கண்ட வழி எளிமையானது. இன்ஜினுக்கு ஒரு பேட்டரி. விளக்கு, ஃபேனுக்குத் தனியாக ஒரு பேட்டரி. ஒன்று இறங்கினாலும் மற்றது இறங்காதபடி நடுவில் தடுப்பு. அதற்கும் மேலாக அவசரத்துக்கு ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர். அறுவடை மிஷின் வைத்திருப்பவர்களும், வேளாங்கண்ணி, திருநள்ளாறு என்று வேன் ஓட்டுகிறவர்களும் இதைப் பின்பற்றலாம். விளக்குக்கும் போனுக்கும் ஒரு சின்ன சோலார் விளக்கு இருந்தாலே இன்ஜின் பேட்டரி தப்பிக்கும்.

அறுவடை மிஷினுக்கு இது ஆடம்பரம் அல்ல. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுப்புக்கு நின்ற சம்பா, தாளடிக் கதிர்கள் மீது பெய்த மழையை டெல்டா விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். வானம் கறுக்கும் நாளில் காலை இரண்டு மணி நேரம் போவது என்பது ஒரு வயல் நனைவது. நனைந்த நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரப்பதத்துக்குக் காய, வெயிலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும்.

பெட்டிக்கும் பராமரிப்பு உண்டு

லித்தியம் செல்லுக்கு வெயில் ஆகாது. சித்திரை வெயிலில் டிராக்டரின் டூல் பாக்ஸ் அடுப்பாகிவிடும். அதில் போட்டு வைத்தால் செல் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். வீட்டுக்குள் நிழலான, உலர்ந்த இடத்தில் வைத்து, வேலைக்குப் போகும்போது எடுத்துப் போவதே சரி. பயன்படுத்தாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். குறுவை, சம்பா, தாளடி என்று ஒவ்வொரு பட்டத் தொடக்கத்திலும் போடுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. உப்பிய பெட்டியை அதன்பிறகு தொடக் கூடாது. புயல் நாள்களில் இதில் உள்ள டார்ச்சும், போன் சார்ஜ் வசதியும் வீட்டுக்கு உதவும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் இருந்த கிராமங்களுக்கு இதன் அருமை தெரியும்.

இது தொடர்பான மற்ற கேள்விகள்

பவர் டில்லருக்கும் டீசல் பம்ப்செட்டுக்கும் இது வேண்டுமா?

ஹேண்டில் போட்டுச் சுற்றி எடுக்கும் இன்ஜினுக்குப் பேட்டரியே தேவை இல்லை. அதற்கு ஜம்ப் ஸ்டார்ட்டரும் தேவை இல்லை. செல்ஃப் வைத்த புது மாடல் பவர் டில்லர்களுக்கு மட்டும் பயன்படும்.

லாரிக்கும் பெரிய மிஷினுக்கும் இதே பெட்டி போதுமா?

லாரிகளிலும் சில பெரிய மிஷின்களிலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். 12 வோல்ட் பெட்டியை அதில் மாட்டக் கூடாது. இரண்டுக்கும் பொருந்தும் பெட்டி தனியாக உண்டு. அதிலும் வோல்ட் தேர்வைச் சரிபார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

பெட்டிக்குப் பதில் ஜம்பர் கேபிள் போதாதா?

பக்கத்தில் இன்னொரு 12 வோல்ட் டிராக்டர் கிடைக்கும் என்றால் தாராளமாகப் போதும், செலவும் குறைவு. 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளாக இருக்க வேண்டும். மெல்லிய கேபிள் சூடாகி உருகும். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இறங்கிய பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசியாக இறங்கிய வண்டியின் இன்ஜின் இரும்பு என்பதே மாட்டும் வரிசை.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

வாய்க்காலிலோ வரப்பிலோ ஆசிட்டைக் கொட்டக் கூடாது. ஈயம் மண்ணில் தங்கிவிடும், எளிதில் போகாது. 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

பாபநாசம் வாசகர் பெட்டி வாங்குவதற்கு முன், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமோ சாவி சுவிட்சையும் சோலனாய்டையும் காட்டிவிடுவது நல்லது. அநேகமாகக் குறைந்த செலவிலேயே முடிந்துவிடும். அதன்பிறகு பெட்டியும் வாங்கினால், அது அவசரத்துக்கு உதவும் துணையாக இருக்கும். பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அவர் உதவி செய்த அன்று டிராக்டர் கியரில் இல்லை. அடுத்த முறை இருந்தால்?